குழாயிலிருந்து மலை வரை: சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு சாலைப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

ஆலந்தூரில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் ஐந்து பேர், ஜனவரி 18 முதல் 26 வரை ஒன்பது நாள், ஒரே காரில் சுமார் 1,400 கிலோமீட்டர் பயணம் செய்தோம். 72 வயதான அப்பா, அக்கா, அத்தான், கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் (எனக்கு மருமகன்), நான் என்பதே குழு. அத்தானும் நானும் மாறிமாறி ஓட்டினோம். கிழக்குக் கடற்கரையில் தொடங்கி, காவிரிப் படுகையை அடியிலிருந்து நுனிவரை ஏறிச் சென்று, நீலகிரியில் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உயரத்தைத் தொட்டுத் திரும்பிய வழி அது. பயணத்தில் கண்டவற்றைவிட அந்த வழியை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதே இங்கு எழுதத் தக்கது என்று கருதுகிறேன். இதே ஐந்து பேர் சில ஆண்டுகளுக்கு முன் ஆறு நாளில் மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி, கொடைக்கானல் என்று சுற்றி வந்திருக்கிறோம். அந்தப் பயணத்தில் கோயில்களும் கடலும் நினைவில் நிற்கின்றனவே தவிர, அவற்றுக்கு இடையில் இருந்த நிலம் எதுவும் எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை.

முதல் திட்டம்

முதலில் போட்ட திட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. தீபாவளி விடுமுறையை ஒட்டி எட்டு நாள், பதினான்கு ஊர், தனுஷ்கோடி, திருச்செந்தூர்த் தேரிக்காடு, கன்னியாகுமரி, உதகை எல்லாம் அதில் இருந்தன. அத்தான் ஒவ்வொரு ஊருக்கும் இடைப்பட்ட தொலைவைக் கூட்டிப் பார்த்தபோது 2,100 கிலோமீட்டரைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் நான்குவழிச் சாலை. நான்குவழிச் சாலை என்பது நிலத்தின் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஊரை ஒதுக்கி, எல்லா நிலத்தையும் ஒரே நிலமாக்கித் தருகிற ஏற்பாடு. சரக்கு போக அது வேண்டும். அவசரத்துக்கு அது வேண்டும். நிலத்தைப் பார்க்கப் புறப்படுகிறவர்களுக்கு அதைப்போல் இடையூறு வேறில்லை.

காலமும் பொருந்தவில்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. தீபாவளி பெரும்பாலும் அந்தப் பருவத்தின் நடுவில் வரும். கடலோரத்தில் புயல் எச்சரிக்கை, டெல்டாவில் வயலும் சாலையும் ஒன்றாகிவிடும் வெள்ளம், மலைப்பாதையில் மண்சரிவு ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் வரக்கூடிய நாட்டில், அந்த மாதத்தையே பயணத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

மருமகன் ஒரு மாற்று யோசனை சொன்னான். ஐந்திணை வரிசையில் போகலாம். ஒரு நாள் நெய்தல், ஒரு நாள் மருதம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றான். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஐந்திணை நிலத்தை மனிதரின் ஒழுக்கத்தோடு சேர்த்துக் கண்ட பாகுபாடு. எந்தச் சாலையின் எந்த இடத்தில் நிலம் மாறுகிறது என்று தேடுகிறவர்களுக்கு அதைவிட நெருக்கமான ஒரு கருவி வேண்டியிருந்தது. நம் பழைய வழக்கில் 'நாடு' என்ற சொல்லே வட்டார நிலத்தைக் குறித்தது. ஏரிகளால் வாழ்ந்த தொண்டை நாடு, தென்பெண்ணை பாயும் நடுநாடு, காவிரியின் சோழ நாடு, மேற்கே கொங்கு நாடு என்று, அரசுகள் போன பிறகும் மண்ணும் நீரும் பேச்சும் உணவும் அந்தப் பெயர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த நான்கையும் ஊடறுத்துச் செல்லும் ஒரு கோடு கிடைக்குமா என்று வரைபடத்தை விரித்துவைத்துத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இருபது வருஷமா வீராணம் தண்ணி, வீராணம் தண்ணின்னு குடிக்கிறோம். அந்த ஏரியை ஒரு தடவையாவது பார்க்க வேணாமா?"

திட்டம் அங்கே திரும்பியது. புதிய வீராணம் திட்டத்தின்கீழ் 2004ஆம் ஆண்டு முதல் சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை குடிநீர் அனுப்ப ஏற்பாடு உள்ளது. சுமார் 235 கிலோமீட்டர் குழாய் வழியே வருகிற அந்த நீர், வீராணத்துக்கு வடவாற்றின் வழியாக வருகிறது. வடவாற்றுக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து. கொள்ளிடத்துக்கு முக்கொம்பில் பிரியும் காவிரியிலிருந்து. அந்தக் காவிரியில் ஒரு பங்கு பவானியிலிருந்து. பவானியில் நீலகிரியின் மழை. ஆக, எங்கள் ஊர்க் குழாயில் தொடங்கி மழை பிறக்கும் இடம் வரை நீரை எதிர்த்து நடந்தால், கடற்கரை, உப்பளம், அலையாத்திக் காடு, ஏரி, டெல்டா, வறண்ட மேய்ச்சல் நிலம், மலை ஆகிய அனைத்தும் தாமாகவே வழியில் அமைந்துவிடும். பதினான்கு ஊர்ப் பட்டியலைக் கைவிட்டோம். அத்தானுக்குத் தனுஷ்கோடி போய்விட்டது என்ற வருத்தம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

நாளைக் குறித்தது மேட்டூர்

மேட்டூர் அணை டெல்டா பாசனத்துக்காக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவது வழக்கம். நீரிருப்பைப் பொறுத்துத் திறக்கும் நாள் முன்பின்னாகும் ஆண்டுகள் பல. ஜனவரி 28 கடந்தபின் போனால் மணலையும் பாலங்களையும்தான் பார்க்க முடியும். பொங்கலுக்கு முன் போனால் சென்னையிலிருந்து வெளியேறும் கூட்டத்தில் பெருங்களத்தூரைத் தாண்டவே அரை நாள் ஆகும். பொங்கல் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் சென்னைக்குள் நுழையும் நாளில் நாங்கள் எதிர்த்திசையில் வெளியேறினால் சாலையும் கிடைக்கும், வாய்க்காலில் தண்ணீரும் இருக்கும், சம்பா நெல்லும் அறுவடைக்கு நிற்கும். அதனால்தான் ஜனவரி 18. முழுத் திட்டத்திலும் எங்களுக்கு அதிகப் பயன் தந்த ஒற்றை முடிவு இந்தத் தேதிதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இதற்குப்பின் நான்கு விதிகள் வைத்துக்கொண்டோம். ஒரு நாளில் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை. முதல் நாளுக்கும் திரும்பும் இரண்டு நாள்களுக்கும் மட்டும் விலக்கு. இருட்டியபின் ஓட்டுவதில்லை. வரைபடச் செயலி காட்டும் நேரத்தை இரட்டிப்பாக எடுத்துக்கொள்வது. நிலம் மாறும் இடத்தில், அங்கே பார்ப்பதற்கென்று எதுவும் இல்லாவிட்டாலும், வண்டியை நிறுத்தி இறங்குவது. நான்காம் விதியை மருமகன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் சாலையோர மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சிறு புட்டியில் இட்டுத் தேதியும் ஊரும் எழுதி ஒட்டினான். காப்புக்காடுகளிலும் தொல்லியல் இடங்களிலும் எடுக்கக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு நாள்: உப்பும் சேறும்

புறப்பட்ட ஐந்தாவது கிலோமீட்டரிலேயே முதல் நிறுத்தம். பல்லாவரத்துக் குன்றின் கரும்பாறையைப் பார்க்க நிறுத்தினோம். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இந்தப் பக்கத்திலிருந்து போனதே. 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறையை வைத்து இந்தப் பாறை வகைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். நீலகிரி மலைத்தொகுதியின் பெரும்பகுதியும் இதே பாறை வகைதான். பயணத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே கல்லில் இருக்கின்றன என்பதை வீட்டுக்கு இவ்வளவு அருகில் நின்று சொல்லிக்கொண்டது, ஒன்பது நாளும் எங்களோடு வந்தது.

துரைப்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து முட்டுக்காடு, மாமல்லபுரம் தாண்டி மரக்காணத்தில் நின்றோம். மழை ஓய்ந்து உப்பளப் பாத்திகளைச் சீரமைத்துக்கொண்டிருந்தார்கள். உப்பு வெள்ளையாகக் குவிந்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த நேரத்து உப்பளம் வெறும் சேற்று வயல்போலத் தோன்றும். ஆனால் கடற்கரைக்கு மிக அருகில், ஒரு சாண் உயர வரப்புகளால் கடல்நீரை ஆளும் அந்த வேலையின் அமைப்பு, பாத்தி காலியாக இருக்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது.

அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பித் திருவக்கரைக்குப் போனோம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம் அது. வேரும் கிளையும் பட்டையும் இல்லாத அடிமரங்களாகவே கிடப்பதால், அவை அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்தவை என்று நிலவியலாளர்கள் கொள்கிறார்கள். வளையங்கள் அப்படியே தெரிகின்றன. அக்கா ஒரு மரத்தின்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சற்றுநேரம் எடுக்கவே இல்லை. இரவு புதுச்சேரி. அன்று ஓட்டியது 190 கிலோமீட்டர். எங்கள் விதிக்கு விலக்கு தந்திருந்தும் அது அதிகம்தான்.

மறுநாள் காலையிலேயே கடலூர் வழியாகப் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் இந்த அலையாத்திக் காடு, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆறு முடிகிற இடத்தைத்தான் நாங்கள் தொடக்கமாகக் கொண்டோம். துடுப்புப் படகு குறுகிய கால்வாய்க்குள் நுழையும்போது சுரபுன்னையின் வளைந்த வேர்கள் இருபுறமும் சேற்றில் ஊன்றி நிற்பதைப் பார்த்தால், அலையை ஆற்றும் காடு என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் எவ்வளவு கண்டு சொல்லியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும்

சிதம்பரத்திலிருந்து கும்பகோணம் வரை அன்றைய வழி 95 கிலோமீட்டர்தான். செயலி இரண்டரை மணி என்றது. இரட்டிப்பாக ஐந்து மணி என்று வைத்துக் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். கும்பகோணத்தில் நுழைந்தபோது மாலை ஆறரை. திட்டம் மிகத் தவறியது அன்றுதான். நிலம் மிக அதிகம் கொடுத்ததும் அன்றுதான்.

வீராணத்தின் கரைமேல் நின்றபோது அப்பா எதுவும் பேசவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் மகன் இராஜாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் ஏரி. வீரநாராயணன் என்ற பராந்தகனின் பெயரே வீராணமாகத் தேய்ந்திருக்கிறது. முழுக் கொள்ளளவு 1.465 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). கரையின் ஒருபுறம் கண் எட்டும்வரை நீர், மறுபுறம் அந்த நீரால் விளைந்த நெல். சென்னைக்குப் போகும் பங்கைப் பற்றி மட்டுமே கேட்டு வளர்ந்த எங்களுக்கு, அது ஆயிரம் ஆண்டாக வேறு ஒருவருடைய பாசன ஏரி என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. மதகருகே நின்ற ஒரு விவசாயி, நாங்கள் சென்னையிலிருந்து வருகிறோம் என்று அறிந்து, "தண்ணி நல்லா வருதுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கைகூப்பினார்.

மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். கோயிலைப் பார்க்கத் திட்டமிட்ட ஒரு மணி நேரம் இரண்டாயிற்று. இராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம், இன்று பொன்னேரி என்ற பெயரில், கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போய்விடுவது வருத்தம் தருகிறது. இந்தத் தலைநகரம் காவிரியின் செழிப்பான கரையில் இல்லாமல் கொள்ளிடத்துக்கு வடக்கே, செம்மண் மேட்டில் இருக்கிறது என்பதைச் சாலையே காட்டித் தந்தது. அங்கிருந்து அணைக்கரையை நோக்கி வரும்போது செம்மண் நின்று, முந்திரி நின்று, வண்டல் தொடங்குகிறது. மருமகனின் இரண்டு புட்டிகள், சில கிலோமீட்டர் இடைவெளியில் எடுத்தவை, ஒன்று துருவின் நிறத்திலும் மற்றொன்று சாம்பலின் நிறத்திலும் இருக்கின்றன.

அணைக்கரையில் உள்ள கீழணையின் பழைய பாலம் குறுகலானது, காத்திருந்து கடந்தோம். அதன்பின் கும்பகோணம் வரை அறுவடை எந்திரங்களும், நெல் ஏற்றிய டிராக்டர்களும், சாலையிலேயே காயவைத்திருந்த நெல்லும். அத்தான் முதல் அரைமணி நேரம் பொறுமை இழந்து ஒலிப்பானை அழுத்தினார். பிறகு அக்கா சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார்: "அவங்க ஒரு வருஷ உழைப்பு இந்த ரோட்டில காயுது. நாம ஒரு மணி நேரம் லேட்டா போனா என்ன?" அறுவடைக் காலத்து டெல்டாவில் இரட்டிப்பு போதாது, மூன்று மடங்கு வைக்கவேண்டும் என்று அன்றிரவு விதியைத் திருத்தி எழுதினோம். நாங்கள் முன்பதிவு செய்திருந்த விடுதி, தாமதத்தைக் காரணம் காட்டி ஓர் அறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தது. மாலையில் வழியிலிருந்தே தொலைபேசியில் சொல்லியிருந்தால் அது நேர்ந்திருக்காது. அடுத்த நாள் முதல் அதை வழக்கமாக்கினோம்.

கும்பகோணத்திலிருந்து திருவையாறு வழியாகக் கல்லணை வரை ஆறுகளின் ஊடே போகும் வழி. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று பெயர்ப்பலகைகள் வந்துகொண்டே இருக்கும். ஒரே ஆறு இத்தனை ஆறாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வாய்க்காலாகிக் கடைசியில் ஒரு வயலின் மடையில் முடிவதைக் கீழிருந்து மேலே வரும்போது எளிதில் புரிந்துகொள்ள முடிந்தது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வானது; தடுக்காவிட்டால் காவிரி நீர் அதில் வழிந்து கடலுக்குப் போய்விடும். அந்தச் சரிவைத் தடுத்து நீரைத் தஞ்சைப் பக்கம் திருப்பியதே கல்லணையின் வேலை. கரிகாலனின் பெயரோடு எல்லாரும் அறிந்த செய்திதான். எனினும், கொள்ளிடத்தின் பக்கம் நீர் விழும் தாழ்வைக் கண்ணால் கண்டபின், படித்தது வேறாகவும் கண்டது வேறாகவும் இருந்தது.

கொங்கின் மேய்ச்சல் நிலம்

திருச்சியைக் கடந்து முக்கொம்பு, குளித்தலை, கரூர். குளித்தலை வரை வாழையும் கொடிக்காலும் ஆற்றோடு கூடவே வருகின்றன. கரூருக்கு மேற்கே வெள்ளகோவிலை நெருங்கும்போது ஆறு விலகிவிட, நிலம் முற்றிலும் மாறுகிறது. இந்த மாற்றத்தை எங்கள் பழைய பட்டியல் எந்த நாளும் காட்டியிருக்காது, ஏனென்றால் இங்கே பார்க்கவேண்டிய இடம் என்று யாரும் எழுதிவைத்தது ஒன்றுமில்லை.

காங்கேயம் பகுதியின் கொறங்காடு என்பது, மழை குறைந்த மலைமறைவு நிலத்தில் கொங்கு உழவர்கள் உருவாக்கி வளர்த்துவரும் மேய்ச்சல் முறை. நிலத்தைச் சிறுசிறு பட்டிகளாகப் பிரித்துச் சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரங்கள். ஒரு பட்டியில் மேய்ந்து முடித்ததும் மாடுகளை அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, முன்னதைத் தழைக்க விடுகிறார்கள். காங்கேயம் காளையின் புகழ் எல்லாருக்கும் தெரியும். அதை வளர்த்தெடுத்த நிலம் இதுதான். மழை முடிந்து சில வாரமே ஆகியிருந்ததால் புல் இடுப்பளவில் நின்றது. வேலியோரம் நின்றிருந்த எங்களைப் பார்த்து ஒரு பெரியவர், "உள்ள வந்து பாருங்க, படலை மட்டும் மறக்காம சாத்திருங்க" என்றார். அங்கே கழிந்த இரண்டு மணி நேரம் திட்டத்தில் எங்குமே இல்லாதது. காவிரிக்கு மிக அருகில், காவிரி நீர் எட்டாத ஒரு நிலம், புல்லை நம்பியே ஒரு வாழ்வைக் கட்டியிருக்கிறது.

மலை

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் செல்ல, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் தேவை. நாங்கள் எடுத்திருந்தோம், ஆனால் வரும் தேதியை ஒரு நாள் தள்ளிப் பதிந்துவிட்டது என் கவனக்குறைவு. குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் அங்கேயே புதிதாகப் பதிந்து ஏற நாற்பது நிமிடம் ஆயிற்று. குன்னூர் வழியைவிட்டுக் கோத்தகிரி வழியைத் தேர்ந்ததற்குக் கோடநாடு காட்சிமுனையே காரணம். அங்கே நின்றால் மாயாற்றின் பள்ளத்தாக்கும், தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கமும், அதற்கப்பால் நாங்கள் கடந்து வந்த வறண்ட சமவெளியும் ஒரே பார்வையில் விரிகின்றன. அப்பாவுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றல் வரும் என்பதால் மூன்று இடங்களில் நிறுத்தி ஏறினோம்.

ஏழாம் நாள் முழுவதும் உதகையைச் சுற்றியே இருந்தோம். விடியற்காலையில் தலைகுந்தாப் பக்கம் புல்வெளி உறைபனியில் வெளுத்திருந்தது. மலையின் மடிப்புகளில் சோலையும், திறந்த சரிவுகளில் புல்லுமாக இந்த நிலம் பிரிந்திருப்பதற்கு, சோலை மரக்கன்றுகள் உறைபனியைத் தாங்காதது ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். காலையில் அந்தப் புல்லைத் தொட்டுப் பார்த்தவனுக்கு அது நம்பத் தக்கதாகவே இருந்தது. ஆனால் புல்வெளியில் பெரும்பகுதியைத் தேயிலையும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் கற்பூர மரமும் எடுத்துக்கொண்டுவிட்டன. மழைநீரைப் பஞ்சுபோல வாங்கி வைத்துச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுவது சோலையும் புல்லும் சேர்ந்த நிலம்தான். வீராணத்தின் கரையில் நின்றுவிட்டு இதைப் பார்த்ததால், இது சுற்றுலா இடத்துச் செய்தியாக எங்களுக்குப் படவில்லை.

திரும்பும் வழியும் மதிப்பீடும்

எட்டாம் நாள் மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம், பவானி என்று பவானி ஆற்றோடு இறங்கிச் சேலம் வந்தோம். கொங்கு என்றால் வறட்சி என்று இரண்டு நாளுக்கு முன் எண்ணியிருந்ததைக் கோபியின் வாய்க்கால் பாசன வயல்கள் திருத்தின. பவானி கூடுதுறையில், 13ஆம் நூற்றாண்டின் காலிங்கராயன் வாய்க்கால் அருகில் தொடங்குவதையும் பார்த்தோம்.

ஒன்பதாம் நாள் சேலத்திலிருந்து ஆலந்தூர் வரை 340 கிலோமீட்டர். இந்தத் திட்டத்தின் பலவீனமான நாள் அதுவே. கல்வராயன் மலைக்கும் பச்சைமலைக்கும் இடையிலான ஆத்தூர்ப் பள்ளத்தாக்கை, எங்கள் நான்காம் விதியை நாங்களே மீறி, ஒருமுறைகூட இறங்காமல் கடந்தோம். மறுநாள் வேலைக்குப் போகவேண்டும் என்ற நினைப்பில் எல்லாரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தாவது ஒரு நாள் வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் உதகை நாளைக் குறைத்திருக்கவேண்டும்.

எரிபொருளுக்கு ஆன செலவு 9,700 ரூபாய். தங்கியதும் உண்டதும் அதைப்போல் நான்கு மடங்கு. பழைய திட்டத்தின் 2,100 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைவாக ஓட்டியிருக்கிறோம். மருமகனிடம் இருப்பது இருபத்திரண்டு புட்டிகள். அவற்றை நாங்கள் போன வரிசையில் கூடத்துச் சன்னலில் வைத்திருக்கிறான். நிறம் எங்கே மாறுகிறது என்று பார்த்து, எந்த இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும், எந்த இடத்தில் நிறுத்தத் தவறினோம் என்று அப்பா அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கரூருக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே ஒரு புட்டி குறைகிறது என்பது இருவரும் ஒப்புக்கொண்ட முடிவு.

அடுத்தது வைகைக் கோடு. மேகமலையில் தொடங்கி மதுரை வழியாக, ஆறு கண்மாய்களில் கரைந்துபோகும் இராமநாதபுரம் வரை வந்து, தனுஷ்கோடியில் முடிப்பதாக அத்தான் வரைந்து வைத்திருக்கிறார். பதநீர் இறக்கும் காலமாகப் பார்த்துத் தேரிக்காட்டையும் சேர்க்கலாமா என்று அக்கா கேட்டாள். அந்தப் பருவத்தில் வைகையில் தண்ணீர் இருக்காது என்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் வைப்பதா, தனித்தனியாகப் போவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.